எந்த ஃபிளெட்?

கிரெய்க்ஹைத்
4 நவம்பர் 1957

அன்புள்ள தம்பி அலெக்,

உனக்கும் நாடியாவுக்கும் லெஸ்யாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு முழங்கால் வலி, வழக்கம்போல. டோட் அண்ணனுக்கு ஒன்றுமில்லை, அவரிடம் வர வியாதிக்கே பயம். நலம் விசாரித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன், எனக்குப் பொறுமை இல்லை. ஊரே தலைகீழாக நிற்கிறது!

எல்லாம் பக்கத்து ஊர் போர்ட்கெய்ர்ன் ஸ்லேட்டர்கள் செய்த வேலை. அவர்களுடைய மண்டபத்தில் ஓர் உலக வரைபடத்தை மாட்டியிருக்கிறார்கள். ஸ்லேட்டர் என்று பெயர் வைத்த இடத்திலெல்லாம் சிவப்புக் குண்டூசி. கீழே அந்தப் பெயர் கொண்ட பெரிய மனிதர்கள்: ஒரு நீதிபதி, ஒரு பிஷப், யானை சுட்ட ஒருவர். தென்துருவத்தில் ஒரு மலை வேறு. மலை, அலெக்! மீன் ஏலத்துக்குப் போன அண்ணனிடம் ஒரு ஸ்லேட்டர், "உங்க பேர்ல ஒரு மண்மேடாவது உண்டாய்யா?" என்று கேட்டுவிட்டான். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மறுநாளே கமிட்டி. அண்ணன் தலைவர், நான் காரியதரிசி. வரும் ஆகஸ்டில் உலகத்தில் ஃபிளெட் என்று நம் குடும்பப் பெயர் கொண்ட எல்லாரையும் கூப்பிட்டு, துறைமுகத்தில் பெயர் வாசித்து, கொடியும் புல்லாங்குழல் பேண்டுமாக ஊர்வலம். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம். பதில் குவிகிறது! ஆட்டுச் சொறிக்கு மருந்து கண்டுபிடித்த ஒரு ஃபிளெட் நியூசிலாந்தில். கிளாஸ்கோவில் ஒரு குத்துச்சண்டைக்காரர், தோற்றதுதான் அதிகம், ஆனால் படம் வந்திருக்கிறது. மெல்போர்னில் ஃபிளெட் தெரு, ஒரு பக்கம் கல்லறை, மறுபக்கம் சோப்பு ஆலை. ஆர்க்னித் தீவு ஃபிளெட்டுகள், நாங்கள்தான் அசல், நீங்கள் கிளை என்று எழுதிவிட்டார்கள். அவர்களுக்கு நான் எழுதிய பதிலை அண்ணன் கிழித்துப் போட்டுவிட்டார்.

ஆனால் நம் பெயரில் ஊர் என்று ஒன்று கிடைக்கவில்லையே என்று துக்கப்பட்டுக்கொண்டிருந்தோம். போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு கனடா ரயில்வே வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். ரயில் பாதை மேலே, தெளிவாக, ஃபிளெட்! அதுவும் உங்கள் சஸ்காச்சுவானில்! மலையெல்லாம் எதற்கு, மலையில் யார் ஓட்டுப் போடுகிறார்கள்? நமக்கு ஓர் ஊரே இருக்கிறது!

சண்டை அங்கேதான் ஆரம்பித்தது. அந்த ஊருக்குப் பெயர் கொடுத்தவர் எந்தக் குடும்பமோ அவர்கள்தான் ஊர்வலத்தில் முதலில் போக வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டோம். எந்தப் பட்டப்பெயர் ஃபிளெட் என்று எப்படித் தெரியும்? 'ராஜா' ஃபிளெட்டுகள் நாங்கள்தான் என்கிறார்கள். 'வாத்து' ஃபிளெட்டுகள் தங்கள் தாத்தா கப்பலேறிப் போய்த் திரும்பவில்லை என்கிறார்கள், அவர் கடனுக்குப் பயந்து ஓடினவர் என்பது ஊருக்கே தெரியும். நம் 'கேரட்' வீட்டிலும் ஆசை இல்லாமலில்லை. கிளாஸ்கோவிலிருந்து வந்த புதுத் தபால்காரர், பாவம், "பாதி ஊரு ஜேம்ஸ் ஃபிளெட்டு, மீதி ஊரு ஜான் ஃபிளெட்டு, நான் எங்கய்யா போறது?" என்று படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் சொன்னார்: "பட்டப்பேரு எழுதாத கடுதாசி இந்த ஊருல செல்லாதுப்பா. வெறும் ஃபிளெட்டுன்னா அப்படி ஒரு ஆளே இல்ல."

நீ ஒரு நடை போய் விசாரித்து எழுது. ஆகஸ்டுக்கு நீயும் வா. இருபத்திரண்டு வருஷமாகிறது. லெஸ்யாவை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

உன் அக்கா,
எல்ஸ்பெட்


அஞ்சல் பெட்டி 14, மெக்லின்டன், சஸ்காச்சுவான்
2 டிசம்பர் 1957

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நாங்கள் மூவரும் சுகம். இங்கே பனி வாசற்படி வரை வந்துவிட்டது. முழங்காலுக்கு நாடியா வாத்துக் கொழுப்பு தடவச் சொல்கிறாள். 'வாத்து' வீட்டாரிடம் கேட்காதே, கடையில் வாங்கு.

நீ சொல்லும் ஃபிளெட்டை நான் அறிவேன், ரயிலில் போகும்போது கண்ணில் படும். பெரிய இடம் ஒன்றுமில்லை. அதற்காக ஊர்வலத்தில் யார் முந்தி யார் பிந்தி என்று அடித்துக்கொள்வது அனாவசியம். அந்தச் சோப்பு ஆலைத் தெருவை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் குறைச்சலென்ன?

இந்த வருஷம் கோதுமை நன்றாக விளைந்தது. லெஸ்யா பள்ளியில் கணக்கில் முதல். நான் ரயில் பாதைக்காரன், ஆகஸ்டில்தான் தண்டவாளக் கட்டை மாற்றும் வேலை தலைக்கு மேல் இருக்கும். வருவது கஷ்டம். நடுவில் கடல் வேறு இருக்கிறது.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். அவர் கேட்டால் சொல்.

தம்பி,
அலெக்


கிரெய்க்ஹைத்
11 ஜனவரி 1958

அன்புள்ள அலெக்,

புது வருஷம் உங்கள் வீட்டுக்கு நல்லதாக வரட்டும். இங்கே புது வருஷ ஊர்வலத்தில் பேண்டுக்காரர்களின் உதடு புல்லாங்குழலோடு உறைந்துபோனது. அவ்வளவு குளிர். மற்றபடி எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

உன் கடிதத்தைப் போல உப்புச்சப்பில்லாத கடிதம் நான் படித்ததில்லை. ரயிலில் போகும்போது கண்ணில் படுமாம்! உன்னை நம்பிப் பயனில்லை என்று கமிட்டியே நேராக எழுதிவிட்டது. முகவரி: மாண்புமிகு மேயர் அவர்கள், ஃபிளெட் மாநகரம், சஸ்காச்சுவான். மாநகரம் என்று போட்டது அண்ணன். "குறைச்சுச் சொன்னா கோச்சுக்குவாங்க, கூட்டிச் சொன்னா எவனும் கோச்சுக்கமாட்டான்" என்றார்.

மேயரைக் குடும்பத்தோடு அழைத்திருக்கிறோம். மக்கள்தொகை, தேவாலயங்கள், ஊரை நிறுவியவரின் வரலாறு, அவருடைய பட்டப்பெயர் என்று எல்லாம் கேட்டிருக்கிறோம். மீன் கொட்டகையில் வேறு பேச்சே கிடையாது. நேற்று 'ராஜா' ஜீம்ஸும் 'வாத்து' வில்லியும் ஆளுக்கொரு மீனைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க தாத்தா நீச்சலடிச்சாடா கனடா போனாரு?" "உங்க தாத்தா போனா அந்த ஊரு உருப்பட்டிருக்குமாடா?" என்று கத்தினார்கள். மீன்தான் பாவம்.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலில் கோதுமையைத் தவிர வேறு ஏதாவது எழுது.

அக்கா,
எல்ஸ்பெட்


ஃபிளெட், சஸ்காச்சுவான்
8 பிப்ரவரி 1958

கிரெய்க்ஹைத் ஃபிளெட் கமிட்டியின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். கமிட்டியார் அனைவரின் ஆரோக்கியத்துக்கும் இவ்வூர் தன் நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறது.

தங்கள் கேள்விகளுக்கு விடைகள் பின்வருமாறு. மக்கள்தொகை மிதமானது. தேவாலயம் தற்போது இல்லை. ஒரு தானியக் கிடங்கு உண்டு, நல்ல நிலையில் இருக்கிறது. இவ்வூரின் பெயர் ரயில்வேயில் பணிபுரிந்த ஒருவரைக் கருதி வைக்கப்பட்டது. அவர் மாலுமி அல்லர், தளபதியும் அல்லர். சொல்லும்படியான காரியம் ஏதும் செய்ததாகத் தெரியவில்லை. அவருடைய பட்டப்பெயர் தெரியவில்லை. எனவே தங்கள் ஊரின் எந்தக் குடும்பத்தாரும் அவரைக் குறித்துச் சிரமப்பட வேண்டியதில்லை.

அறுவடைக் காலமாதலால் மேயர் விழாவுக்கு வர இயலாமைக்கு வருந்துகிறார். விழா சிறக்க வாழ்த்துகள்.

இங்ஙனம்,
ஊர் சார்பாக, காரியதரிசி


கிரெய்க்ஹைத்
1 மார்ச் 1958

என் அன்புத் தம்பி,

நலம்தானே? நாடியாவின் வாத்துக் கொழுப்பு வேலை செய்கிறது. மாடிப்படி ஏறுகிறேன்.

மேயர் பதில் போட்டுவிட்டார், அலெக்! மண்டபத்தில் மேசைமேல் ஏறி நின்று அண்ணன் வாசித்தார். தானியக் கிடங்கு என்றதும் ஒரு கைதட்டல். 'மாலுமி அல்லர்' என்றபோது கொஞ்சம் முகம் சுண்டியது, ஆனால் 'ராஜா' ஜீம்ஸ், "பெரிய மனுஷங்க இப்பிடித்தான் அடக்கமா எழுதுவாங்க" என்று சமாளித்தான். போர்ட்கெய்ர்ன்காரர்கள் படிக்கட்டும் என்று கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். யாரும் கவனிக்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை. எடின்பரோவிலிருந்து வந்த நம் பாதிரியார், பட்டப்பெயர் என்றால் என்ன, அதை ஏன் வாக்காளர் பட்டியலில்கூட அச்சடிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆயிற்று. நியூசிலாந்து ஃபிளெட் அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு, இதென்ன கேலியா என்று கோபித்து எழுதினார். உங்கள் கனடா மேயர் மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் 'தெரியவில்லை' என்று பதில் சொல்கிறார், ஏதோ இந்தத் துறைமுகத்துப் படிக்கட்டில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி.

மேயருடைய வயிறு இப்போது எப்படி இருக்கிறது? கப்பல் என்றால் இன்னும் குமட்டுகிறதா? அவரைப் பார்த்தால், அவர் அக்கா கேட்டதாகச் சொல்.

எல்ஸ்பெட்


கிரெய்க்ஹைத்
26 ஏப்ரல் 1958

அலெக்,

நலமா என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன், பதிலில்லை. இது மூன்றாவது. கோபமா? நான் அண்ணனிடம் மூச்சு விடவில்லை. யாராவது ஒருவர் ஒரு வரி எழுதுங்கள். தபால்காரர் என்னைக் கண்டாலே மறுபக்கம் போகிறார்.

எல்ஸ்பெட்


ஃபிளெட், சஸ்காச்சுவான்
9 மே 1958

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நாடியா. உங்கள் தம்பிக்குத் தெரியாமல் எழுதுகிறேன். என் எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் நாங்கள் பேசி வளர்ந்தது உக்ரைன் பாஷை. உங்கள் முழங்கால் தேவலையா? இங்கே எல்லாரும் நலம், அவருக்கு மனசு மட்டும்தான் சரியில்லை. உங்கள் மார்ச் மாதக் கடிதம் வந்த நாளிலிருந்து சாப்பிட்டதும் எழுந்து தண்டவாளத்தோடு நடக்கப் போய்விடுகிறார்.

முகவரியைப் பார்த்தீர்களா? நாங்கள் இருப்பது ஃபிளெட்டில்தான். உங்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் அவர் பக்கத்து ஊர் அஞ்சல் பெட்டியை எழுதுவார். இந்த ஊர் என்பது எங்கள் வீடு, தானியக் கிடங்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி. மாண்புமிகு மேயருக்கு வந்த உறையை ரயிலிலிருந்து பையோடு வீசிவிட்டுப் போனார்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து உட்கார வேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கையெழுத்து தெரியாதபடி கிடங்குத் தட்டச்சு இயந்திரத்தில் பதில் அடித்தார்.

முன்பு இந்த இடத்துக்குப் பெயர் இல்லை, ஒரு நம்பர்தான். லெஸ்யா சின்னவளாக இருந்தபோது ஒரு பனிப்புயல் வந்தது. ரயில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி மாட்டிக்கொண்டு, ஜன்னல் வரை புதைந்துபோனது. நீட்டின கை தெரியவில்லை. அவர் சமையலறைக் கதவில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ரயிலைக் கண்டுபிடித்து, கயிற்றைப் பிடித்தபடியே நாலைந்து பேராகக் கூட்டிவந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார். ரயில் காலியாகும் வரை நிற்கவில்லை. கன்னியாஸ்திரீகள், ஒரு பன்றி வியாபாரி, கைக்குழந்தைக்காரிகள், எல்லாரும் பனி தள்ளும் வண்டி வரும் வரை எங்கள் இரண்டு அறையில்தான் இருந்தார்கள். மாவு தீர்ந்து விதைக் கோதுமையை வறுத்தேன். ஒருவரும் சாகவில்லை. வசந்தத்தில் ரயில்வேக்காரர்கள் வந்து பலகை நட்டார்கள்: ஃபிளெட். அதைக் கழற்றப் போனார், நான் திருப்புளியை ஒளித்துவைத்தேன்.

ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா எந்த ஃபிளெட்டுன்னு கேப்பாங்க. அங்க எனக்கு ஒரு பேரு இருக்கு, நாடியா. என் பொண்ணுக்கும் அதைத்தான் சூட்டுவாங்க" என்றார். அண்ணி, அந்தப் பனியைப் பார்த்துப் பயப்படாதவர் இப்படிப் பயப்படும் பெயர் என்ன?

உங்கள்,
நாடியா


கிரெய்க்ஹைத்
20 மே 1958

அன்பு நாடியா,

நீ எழுத்துப் பிழைக்கு மன்னிப்பா கேட்கிறாய்? உன் கடிதத்தை நான் இடுப்பில் செருகிக்கொண்டு அலைகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெயர் 'கரை'. அவ்வளவுதான். உனக்கு இது ஒன்றுமில்லாமல் இருக்கும். மீன் பிடிக்கிற ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று நினைத்துப்பார். அலெக்குக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. படகு துறைமுகத்தைத் தாண்டினால் குடல் வெளியே வந்துவிடும். பதினேழு வயதில் ஹெர்ரிங் மீன் மொத்தமாக வந்த நாளில், அவன் சுருண்டு விழுந்து, படகைத் திருப்பவேண்டியதாயிற்று. படித்துறையில் ஊரே நிற்க டோட் அண்ணன் கத்தினார்: "இவன் கரைக்குத்தாண்டா லாயக்கு. இனிமே இவன் கேரட் இல்ல, கரை!" எல்லாரும் சிரித்தார்கள். ஒட்டிக்கொண்டது. சில வருஷம் கழித்து வாக்காளர் பட்டியல் அச்சாகி வந்தபோது, எங்களெல்லார் பெயருக்கும் பின்னால் 'கேரட்', அவனுக்கு மட்டும் 'கரை'. அதைப் பார்த்த மாதம் கிளம்பிவிட்டான். கடலே இல்லாத இடமாகத் தேடிப் போனான்.

அண்ணனிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். திருப்பி முதலிலிருந்து படித்தார். படகுக்குப் போய், போன வாரம் வர்ணம் அடித்த கதவுக்கே மறுபடியும் வர்ணம் அடித்தார். பட்டப்பெயரை வைத்தவரே எடுத்தால்தான் போகும், அது எங்கள் ஊர் வழக்கம். "எடுப்பியா?" என்று கேட்டேன். "வரச் சொல்லுடி" என்றார். "எடுப்பியான்னு கேட்டேன்." "வரச் சொல்லுன்னு சொல்றேன்ல?" என்று தூரிகையை வீசிவிட்டுப் போய்விட்டார்.

எப்படியாவது அனுப்பிவை, என் கண்ணே.

எல்ஸ்பெட்


ஃபிளெட், சஸ்காச்சுவான்
15 ஜூன் 1958

அன்புள்ள அக்கா,

முழங்கால் குணமானதில் சந்தோஷம். எனக்கு உடம்பு நலம், வீட்டில்தான் ஒரு துரோகி இருக்கிறாள். நீங்கள் இரண்டு பேரும் எழுதிக்கொண்டது எல்லாம் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கத்தினேன். அவள் மாவு பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, பெட்டியை எடுத்து வெயிலில் காயவைத்துவிட்டாள்.

வருகிறேன். மான்ட்ரியலிலிருந்து ஆகஸ்ட் 4 கப்பல். லெஸ்யாவும் வருகிறாள், நாடியா இங்கே பாதையைப் பார்த்துக்கொள்வாள். ஒரே நிபந்தனை. லெஸ்யாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. யாரும் அதைச் சொல்லக் கூடாது. ஊர்வலத்துக்கு என் பெயரை வாசிக்கக் கூடாது. நான் கனடாவிலிருந்து வந்த ஒரு விருந்தாளி. சரி என்றால் எழுது, இல்லை என்றால் பெட்டியை மறுபடி பரணில் போட்டுவிடுவேன்.

அலெக்


கப்பலில், எங்கேயோ
9 ஆகஸ்ட் 1958

நாடியா,

நீ சுகமா? கிடங்குக் கதவைப் பூட்டினாயா? என்னைக் கேட்காதே. லெஸ்யா மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுகிறாள். இன்றைக்குப் புகைபோட்ட மீன் சூப் என்று என் அறைக்கே வந்து வர்ணித்தாள். அவளைத் திட்டக்கூட எழுந்திருக்க முடியவில்லை.

அக்கா என் நிபந்தனைக்கு, 'வா, மெத்தைக்குப் புது உறை தைத்திருக்கிறேன்' என்று மட்டும் பதில் போட்டாள். சரி என்று ஒரு வார்த்தை இல்லை. இப்போதுதான் அது உறைக்கிறது, நடுக்கடலில்.

'அப்பா, அங்கே உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?' என்று லெஸ்யா கேட்டாள். தூங்குவதுபோல் இருந்துவிட்டேன்.

அலெக்


கிரெய்க்ஹைத்
18 ஆகஸ்ட் 1958

என் அன்பு நாடியா,

முதலில் உன் கவலைக்கு மருந்து: இருவரும் பூரண சுகம். அலெக் இப்போது என் சமையலறையில் ஓட்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான். வந்து இறங்கியபோது பச்சை நிறமாக இருந்தான், இப்போது வெறும் மஞ்சள்தான். நீயும் நலமாக, நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இனிமேல் நான் எழுதப்போவதை உட்கார்ந்து படி.

அவன் நிபந்தனையை நான் ஏற்கவில்லை, ஆனால் மீறவும் இல்லை. அவன் வருவதற்கு முன்னால் வீடு வீடாகப் போய், "அந்தப் பேரை எவன் வாயாவது எடுத்துச்சுன்னா, வலையைப் பின்னிக் குடுன்னு எங்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டேன். வேலை செய்தது. ரொம்பவே வேலை செய்தது. வெளியூர் ஃபிளெட்டுகளுக்கு நீல ரிப்பன் குத்தினோம், அலெக்குக்கும் ஒன்று. நியூசிலாந்துக்காரரோடு சேர்த்து நல்ல கோப்பையில் டீ கொடுத்தார்கள். சின்ன வயதில் இவனோடு நண்டு பிடித்த வில்லி, "வாங்க சார், பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தொப்பியை எடுத்தான். ஊர்வலத்துக்கு முந்தின நாள் காலையில் அலெக் கஞ்சியைக் கிளறிக்கொண்டே இருந்தான், குடிக்கவில்லை. "ஏன் எல்லாரும் என்னைப் பாதிரியாரைப் பாக்கிற மாதிரி பாக்கறாங்க?" என்றான். "நீதானடா விருந்தாளின்னு எழுதினே?" என்றேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். துறைமுகம் முழுக்கத் தலை. ஸ்லேட்டர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள், நக்கலாகச் சிரித்தபடி. ஒவ்வொரு குடும்பமும் தன் கொடியோடு. முன்னால் போகப்போவது தாங்கள்தான் என்று 'ராஜா'க்கள் புதுச் சட்டை தைத்து நின்றார்கள். யாருக்கும் விஷயம் தெரியாது, எனக்கும் அண்ணனுக்கும் தவிர. அண்ணன் என்ன செய்யப் போகிறார் என்று எனக்கே தெரியாது. மீன் பெட்டிமேல் ஏறினார். அலெக் வெளியூர்க்காரர்கள் வரிசையில் லெஸ்யாவோடு கடைசியில் நின்றான்.

அண்ணன் கயிற்றைப் பற்றிச் சொன்னார், நாடியா. உன் கடிதத்தில் இருந்தபடியே, பன்றி வியாபாரியைக்கூட விடவில்லை. "அந்த ஆளு பேருதான் அந்த ஊருக்கு. அந்த ஆளு இங்க நிக்கிறான்" என்றார். பிறகு தாளைத் தூக்கி வாசித்தார். "ஃபிளெட்!"

அத்தோடு நிறுத்திவிட்டார். யாரும் நகரவில்லை. 'ராஜா' ஜீம்ஸ் கத்தினான்: "எந்த ஃபிளெட்டுய்யா?"

"ஃபிளெட்டுதான். பின்னாடி ஒண்ணும் கிடையாது. இருந்ததை நான் எடுத்துட்டேன்" என்றார் அண்ணன்.

இதற்குத்தானே இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தோம்? நான் அழுதுவிட்டேன். அலெக் வருவான் என்று பார்க்கிறேன், வரவில்லை. நின்ற இடத்திலிருந்து, "அண்ணே" என்றான். "முழுசா வாசி."

"முழுசாத்தாண்டா வாசிச்சேன்."

"இல்ல. நீ வச்சது ஒண்ணு இருக்கு. அதையும் சேர்த்து வாசி."

"மாட்டேன்டா. போதும். நான் சொன்னது தப்பு."

"தப்புதான். ரொம்பத் தப்பு. அதை அப்புறம் வீட்டுல வச்சு உன்னைக் கேட்டுக்கறேன்" என்றான் அலெக். சட்டையிலிருந்த ரிப்பனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "ஆனா இந்த ஊருல வெறும் ஃபிளெட்டுன்னு ஒருத்தன் கிடையாது. மூணு நாளா நல்ல கோப்பையில டீ குடிச்சு எனக்குத் தொண்டை அடைக்குது. அங்க இருக்கிற பலகைக்கு வெறும் ஃபிளெட் போதும். நான் இந்தப் படித்துறையில பொறந்தவன். முழுசாக் கூப்பிடு அண்ணே."

அண்ணன் தாளால் முகத்தைத் துடைத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, போர்ட்கெய்ர்ன் வரை கேட்கும்படி கத்தினார்: "ஃபிளெட்... கரை!"

"இருக்கேன்" என்றான் அலெக். பக்கத்தில் உன் பெண், யாரும் சொல்லிக்கொடுக்காமல், அவனைவிடச் சத்தமாக, "நானும் இருக்கேன்!" என்றாள்.

ஊர் என்ன செய்தது தெரியுமா? சிரித்தது. அன்றைக்குப் படித்துறையில் சிரித்த அதே வாய்கள்தான், ஆனால் எல்லார் கண்ணிலும் தண்ணீர். வில்லி ஓடிவந்து, "டேய் கரை, குடிகேடா, உன்னையப் போயி சார்னு கூப்பிட வச்சுட்டாளேடா உங்க அக்கா!" என்று கட்டிக்கொண்டான். 'கரை' குடும்பத்துக்குக் கொடி இல்லை. அண்ணன் பெட்டியிலிருந்து இறங்கி, தன் கழுத்துத் துணியை அவிழ்த்து ஒரு துடுப்பில் கட்டி லெஸ்யா கையில் கொடுத்தார். அவர்கள் இரண்டு பேரும் முன்னால் போனார்கள், பின்னால் நாங்கள் அத்தனை பேரும் போனோம். ஸ்லேட்டர்கள் தொப்பியை எடுத்தார்கள். அதற்குமேல் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கண்ணாடி மங்கிவிட்டது.

இருவரும் மாதக் கடைசியில் கப்பலேறுகிறார்கள். கூடவே கொடுத்தனுப்ப, காரியதரிசி என்ற முறையில் இன்று காலை பெயர்ப் பட்டியலைச் சுத்தமாகப் படியெடுத்தேன். 'கரை' குடும்பத்தில் அலெக், லெஸ்யா என்று எழுதிவிட்டு, மூன்றாவதாக உன் பெயரையும் எழுதியிருக்கிறேன். அடுத்த முறை பெயர் வாசிக்கிற நாளில் இங்கே வந்து நீயே குரல் கொடுக்க வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி,
எல்ஸ்பெட் ஃபிளெட், கேரட்